சாட்சிக்கு ஒரு விரல்

...தூக்கிடுச்சு. நான் சொல்லலை? தூக்கிடுச்சு சார்.

அந்த மங்கல் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால ரெண்டு நிழல் தெரியுதுல்ல? நிமிர்ந்து உக்காந்திருக்கிறது பரீட்சை வெக்கிற அம்மா. எதிர்ல, மேஜை மேல இருக்கிற எதையோ கத்தரிக்கப்போற மாதிரி முன்னால சாஞ்சு உக்காந்திருக்கே, அதுதான் எங்கக்கா. இப்ப அது தோளுக்கு மேல குச்சி மாதிரி ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்குதே... குச்சி இல்ல சார் அது. ஆள்காட்டி விரல்.

ஒரு மாசமா தலையால தண்ணி குடிச்சேன். அக்கா, உள்ள போனதும் ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வெச்சுக்கோ, வெச்சு அமுக்கி உக்காரு, வாய் மட்டும் பேசட்டும். காலைல பஸ்ஸுல வரும்போது கூடச் சொன்னேன். சரிடா சரிடான்னுச்சு. அது ஒரு தடவை சரிடான்னா கேட்டுக்கிச்சுன்னு அர்த்தம். ரெண்டு தடவை சொன்னா வாயை மூடுன்னு அர்த்தம். எனக்கு அப்பவே உறைச்சிருக்கணும்.

இல்ல, நீங்க உக்காருங்க. உங்க வீட்டம்மா இப்பத்தானே அடுத்த ரூமுக்குள்ள போனாங்க, வர நேரமாகும். அவங்க கைப்பையை மடியில வெச்சுக்கிட்டு, தண்ணி பாட்டிலையும் பிடிச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் நிப்பீங்க. இந்த பெஞ்ச் கொஞ்சம் ஆடும். நான் ஆடாம உக்காந்துக்கறேன்.

இப்ப பாருங்க, எதிர்ல இருக்கிற அம்மாவைக் காட்டலை. அது வரைக்கும் நிம்மதி. பின்னால இருக்கிற கதவைக் காட்டுது. கதவுல என்ன சார் இருக்கு? பூட்டு இருக்கு, கைப்பிடி இருக்கு. இதை வெச்சு எதிர்காலத்தைப் பத்தி என்ன பேச முடியும்? திஸ் டோர் ஈஸ் கோயிங் டு ஓப்பன்னு சொல்லுதோ என்னமோ. தொறந்து வெளிய வந்துட்டாக்கூடத் தேவலை.

உங்களுக்கு ஒண்ணும் புரியலை. முழிக்கிறீங்க. என் மேலதான் தப்பு, நடுவுல இருந்து ஆரம்பிச்சுட்டேன். நான் எதையுமே நடுவுல இருந்துதான் ஆரம்பிப்பேன். கல்யாணம் கூட அப்படித்தான், வெளிநாட்டுல போய் ஒண்ணு பண்ணி... அது இப்ப எதுக்கு. வீ வில் பி ஹேப்பின்னு எல்லார் முன்னாலயும் சொன்னேன். வில்லுதான். சாட்சி ஒண்ணும் கிடையாது. அது முடிஞ்சு வருஷக்கணக்காச்சு.

சரி. சாயங்காலத்துல கண்ணாடிக்கடைக்கு மேல ஒரு ரூம்ல இங்கிலீஷ் பேசக் கத்துக் குடுக்கறேன். கண்ணாடின்னா மூக்குக் கண்ணாடி. கீழ கண்ணைச் சரி பண்ணுவாங்க, மேல நான் வாயைச் சரி பண்ணுவேன். இப்படித்தான் கடைக்காரர் எல்லார்கிட்டயும் சொல்றார். வெளிநாட்டுல இருபது வருஷத்துக்கு மேல இருந்துட்டு வந்தவன், எட்டாவது வரைக்கும் தமிழ்ல படிச்சவன், அப்புறம் இங்கிலீஷ்ல. ரெண்டு கரையும் தெரிஞ்சவன்னு அவர் நெனப்பு. ரெண்டு கரையும் தெரிஞ்சவன் பாதி நேரம் ஆத்துக்குள்ளதான் நிப்பான்னு அவருக்குத் தெரியாது.

வர்றவங்க எல்லாரும் வேலைக்காகப் படிக்கிற பெரியவங்க. ஒரு டிரைவர், ஒரு நர்ஸ், ரொட்டிக்கடைக்காரர், ஒரு வாட்ச்மேன். அவங்களுக்கெல்லாம் ஒரே இடத்துல தகராறு. நடக்கப்போறதைச் சொல்றதுக்கு இங்கிலீஷ்ல ரெண்டு வழி இருக்குல்ல? வில்-னு ஒண்ணு, கோயிங் டு-ன்னு ஒண்ணு. மனசுல படறதை, நம்பறதைச் சொன்னா வில். கண்ணு முன்னால அடையாளம் இருந்தா கோயிங் டு. பத்து வருஷத்துல இந்த ஊர் பெருசாயிடும்னா வில். ஏணி ஆடுது, மேல ஒருத்தன் நிக்கிறான், விழப்போறான்னா கோயிங் டு. இவ்வளவுதான். புத்தகத்துல அரைப் பக்கம் கூட இல்ல.

ஆனா யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. எல்லாத்துக்கும் வில். ரொட்டிக்கடைக்காரர் அடுப்புல புகை வந்தாக்கூட தி பிரெட் வில் பர்ன்னுதான் சொல்றார், தத்துவம் பேசற மாதிரி. நான் எழுதிப் போட்டேன், படம் வரைஞ்சேன், ஏணி மேல ஏறி நின்னே காட்டினேன். ஹி வில் ஃபால்னு எல்லாரும் சேர்ந்து சொல்றாங்க. நான் விழவும் செஞ்சேன், அது தனிக் கதை.

அப்பத்தான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. எனக்கு வர்ற யோசனையெல்லாம் வர்றப்ப ரொம்ப அழகா இருக்கும் சார். இனிமே யாராவது கோயிங் டு சொல்லணும்னா சாட்சியை விரலால காட்டணும். மேகத்தைக் காட்டு, மழை வரப்போகுதுன்னு சொல்லு. வயித்தைப் பிடிச்சிருக்கிறவனைக் காட்டு, வாந்தி எடுக்கப்போறான்னு சொல்லு. காட்ட ஒண்ணுமில்லையா? விரலை மடக்கு, வில் போடு. விரல் இல்லேன்னா வில். விரல் இருந்தா கோயிங் டு.

பத்திக்கிச்சு. அப்படிப் பத்திக்கிச்சு. வாசப்படி ஏறும்போதே விரலைத் தூக்கிட்டு வருவாங்க. நர்ஸம்மா வாட்ச்மேனோட சட்டைப் பித்தானைக் காட்டும், இட் ஈஸ் கோயிங் டு ஃபால். மேஜை விளிம்புல இருக்கிற என் டீ கிளாஸை நாலு பேர் ஒரே நேரத்துல காட்டுவாங்க. ஆனா ஒருத்தரும் நகத்தி வெக்க மாட்டாங்க, வாக்கியம் வீணாயிடும்ல. எத்தனை கிளாஸ் உடைஞ்சிருக்குங்கறீங்க. கடைக்காரர் கீழ இருந்து மேல வந்து பாத்தார். ஒரு பெரிய ஆளு இன்னொரு பெரிய ஆளோட செருப்பைக் காட்டி, வார் அறப்போகுதுன்னு இங்கிலீஷ்ல சொல்லிட்டு இருக்கார். வந்த படியிலயே இறங்கிட்டார்.

நான் பூரிச்சுப்போயிட்டேன். புதுசா ஒரு வழி கண்டுபிடிச்சுட்டோம்னு நெஞ்சை நிமித்திக்கிட்டுத் திரிஞ்சேன். முதல் செட்டை இதே இடத்துக்குப் பரீட்சைக்கு அனுப்பினேன். இதே பெஞ்ச். ஆனா அன்னிக்கு ஆடலை.

என்ன ஆச்சுன்னு கேக்கறீங்களா? கேக்கலை. பரவாயில்ல, சொல்றேன்.

டிரைவரைக் கூப்பிட்டு, உங்க ஊரோட எதிர்காலத்தைப் பத்திச் சொல்லுங்கன்னு கேட்டிருக்காங்க. இவர் சுத்தும் முத்தும் பாத்திருக்கார், சாட்சிக்கு. பரீட்சை வெக்கிற அம்மாவுக்குப் பின்னால சுவத்துல ஒரு விரிசல். விரலை நீட்டி, திஸ் வால் ஈஸ் கோயிங் டு ஃபால்னு சத்தமா சொல்லியிருக்கார். அந்தம்மா நாற்காலியோட தள்ளி உக்காந்துட்டாங்களாம். அதுக்கப்புறம் உள்ள போனவங்களோட பேச்சையெல்லாம் சுவத்தைப் பாத்துக்கிட்டேதான் கேட்டிருக்காங்க. வாட்ச்மேன் இன்னும் ஒரு படி மேல. நேரா அந்தம்மா மூக்கையே காட்டி, யூ ஆர் கோயிங் டு ஸ்னீஸ்னு சொல்லியிருக்கார். அவங்க தும்மவும் தும்மிட்டாங்க. வெளிய வந்து என்கிட்ட சொல்றார், சார், சாட்சி ரொம்ப பலமா இருந்துச்சு சார்னு.

பாஸாயிட்டாங்க, அது வேற விஷயம். ஆனா இங்கேயிருந்து கண்ணாடிக்கடைக்குப் போன் வந்துச்சு. உங்க ஆளுங்க எல்லாரும் எங்களை நோக்கி விரலை நீட்டறாங்க, இது என்ன பழக்கம், அடுத்த தடவை மரியாதைக் குறைவுன்னு மார்க்கைக் குறைப்போம்னு. கடைக்காரர் என்கிட்ட அப்படியே சொன்னார். வாயைச் சரி பண்ணச் சொன்னேன், நீங்க கையைக் கெடுத்துட்டீங்கன்னு.

நியாயம்தான்.

அந்த அடுத்த தடவைதான் சார் இது. இந்தச் செட்டுல எங்கக்காவும் ஒருத்தி. இதுல அது தேறினா வெளிநாட்டுல ரெண்டு வருஷ வேலை. தேறலைன்னா வேலையும் இல்ல, ஒண்ணும் இல்ல. அதான் எனக்கு இங்க உக்காந்தா முள்ளு மேல உக்காந்த மாதிரி இருக்கு. வேர்க்குது. தண்ணி குடிக்கட்டுமா? ரொம்ப தேங்க்ஸ் சார். வாய் வெக்காம குடிக்கறேன்... சட்டையில ஊத்திடுச்சு. ஊத்தும்னு நெனச்சேன்.

அக்கா என்னை விட மூத்தது, ரொம்பக் கிடையாது, ஆனா பேச்சுல பாத்தீங்கன்னா அம்மா மாதிரி. கல்யாணம் வேணாம்னுடுச்சு. ஒரு உடுப்பு ஃபேக்டரியில கட்டிங்ல இருக்குது. துணியை அடுக்கு அடுக்கா நீள மேஜையில விரிச்சு, மேல அளவுத் தாளைப் போட்டு, நின்னுக்கிட்டே மெஷின் கத்தியை ஓட்டி வெட்டற வேலை. ஒரு வெட்டு தப்பினா நூறு சட்டைக்குக் கை போச்சு. கையில இரும்பு வலையில பண்ணின உறை போட்டுக்கும். வீட்டுக்கு வந்தா அந்தக் கையாலதான் என் தலையில ஒண்ணு போடும், உறையைக் கழட்டினாத்தான்.

நான் அங்கேயிருந்து எல்லாத்தையும் விட்டுட்டுத் திரும்பி வந்தப்ப எதுக்கு வந்தேன்னு யாராவது கேட்டா, மண்ணு, மொழின்னெல்லாம் சொல்லுவேன். கூட்டத்துல நல்லா எடுபடும். உண்மை என்னன்னா எனக்குப் போக வேற வீடு இல்ல. அக்கா மாடி ரூமைக் கூட்டிப் பெருக்கி வெச்சுது. எதுக்கு வந்தேன்னு அது மட்டும் கேக்கவே இல்ல. சாப்பிட்டியான்னுச்சு.

அந்த விரல் சட்டம் வீட்டுக்குள்ளயும் வந்துடுச்சு, சொல்ல மறந்துட்டேன். நான்தான் கொண்டு வந்தேன். அக்காவுக்குச் சொல்லிக் குடுக்கணும்ல. ஒரு நாள் ராஜா மாதிரி அறிவிச்சேன், அக்கா, நாளையில இருந்து காலைல நடக்கப்போறேன், ஐ ஆம் கோயிங் டு வாக். அது நிமிந்து பாத்து, விரல் எங்கடான்னுச்சு. புது ஷூவைக் காட்டினேன். ஷூ இன்னும் பெட்டிக்குள்ளயே, காகிதம் கூடப் பிரிக்காம. அப்ப வில்லுன்னு சொல்லுடான்னுட்டு அது வேலையைப் பாக்கப் போயிடுச்சு. அதுல இருந்து இதே கதை. புத்தகம் எழுதப்போறேன், விரல் எங்க? எடை குறைக்கப்போறேன், விரல் எங்க? தொப்பையைக் காட்டினா, அது எதிர்க்கட்சி சாட்சிங்குது.

நான் அங்க இருந்தப்ப ஒருத்தனும் இந்த அரைப் பக்கத்தைப் பாத்துப் பேசலை சார், அதையும் சொல்லிடறேன். நான் வேலை பாத்த கிடங்குல என் மேலாளர், தலைக்கு மேல கரு கருன்னு மேகம் நிக்கும், இட்'ல் ரெய்ன்னு வில்லைப் போட்டுட்டுப் போயிடுவார். அவர் பேசினா மொழி. நாம பேசினா பரீட்சை. இது தெரிஞ்சும் நான் என் ஆளுங்ககிட்ட விரலைத் தூக்க வெச்சேன் பாருங்க.

அதை விடுங்க. போன வாரம் பால் அடுப்புல இருக்குது, நான் சும்மா நிக்கறேன். அக்கா, பால் பொங்கப்போகுதுன்னு கத்தினேன். கத்தினப்புறம்தான் நின்னு யோசிச்சேன். நான் ஏன் பால் பொங்கும்னு சொல்லலை? பொங்கும், பொங்கப்போகுது. வரும், வரப்போகுது. விழும், விழப்போகுது. நம்ம கிட்ட இருக்குதே சார். ரொட்டிக்கடைக்காரர் தமிழ்ல ஒரு நாளாவது கருகற ரொட்டியைப் பாத்துட்டு, ரொட்டி கருகும்னு சொல்லியிருப்பாரா? கருகப்போகுது எடுங்கடான்னுதானே கத்தியிருப்பார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடிச்சு இந்தப் பக்கம் இழுத்திருந்தாப் போதும். நான் என்னடான்னா ஏணி மேல ஏறி இடுப்பை உடைச்சுக்கிட்டு, ஊர்ல இருக்கிற விரலையெல்லாம் தூக்க வெச்சு... இத்தனை வருஷமா ரெண்டு மொழியையும் சுமந்துக்கிட்டுத் திரிஞ்சவன். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கணும்னு தோணலை. பால் பொங்கிடுச்சு. யோசிச்சுக்கிட்டே நின்னேன்ல.

என்ன, கொஞ்சம் தள்ளி உக்காந்துட்டீங்க? அங்கேதான் ஃபேன் காத்து வருதா? சரி, நானும் நகந்துக்கறேன்.

அக்காவுக்கு இந்த வெளிநாட்டு வேலை எப்படி வந்துச்சுன்னு நீங்க கேப்பீங்க. அங்கேதான் சார் என் வண்டவாளம் இருக்கு.

அக்கா ஃபேக்டரிக்குப் புதுசா ஒரு வெட்டற மெஷின் வந்துச்சு, கூடவே அதைப் பூட்டிக் குடுக்க வெளிநாட்டு இன்ஜினியர் ஒருத்தர். பேச்சு புரியறதுக்கு என்னைக் கூப்பிட்டாங்க. நல்ல சட்டை போட்டுக்கிட்டுப் போனேன். அவர் மெஷினைப் பாக்கலை, அக்கா துணியை விரிக்கிறதையே பாத்துக்கிட்டு இருந்தார். அப்புறம் என்கிட்ட சொல்றார், நாங்க அங்க புது இடம் தொறக்கறோம், எங்க ஆளுங்களுக்கு மெஷின் தெரியும், துணி தெரியாது, இவங்க ரெண்டு வருஷம் வந்து பழக்கி விடுவாங்களான்னு. என் வேலை என்ன? அதை அப்படியே தமிழ்ல அக்காகிட்ட சொல்றது. சொல்லிட்டு வாயை மூடறது.

நான் பதில் சொன்னேன் சார். நானே. ஷி வில் கம்னேன். ஏன்னா சுத்தி மேனேஜர்ங்க எல்லாம் நிக்கறாங்க, எங்கக்காவைக் கேக்கறாங்கன்னு எனக்குத் தலைகால் புரியலை. அவர் புருவத்தைத் தூக்கினார். நம்பலை போலிருக்கேன்னு, ஷி ஈஸ் கோயிங் டு கம்னு இன்னொண்ணையும் போட்டேன். விரல் வேற. அக்காவை நோக்கி நீட்டிக்கிட்டு. என்னடா கேக்கறார்னுச்சு அக்கா. இதையெல்லாம் வீட்டுல போய்ப் பொறுமையா சொல்லிக்கலாம்னு, மெஷின் நல்லாயிருக்கான்னு கேக்கறார்க்கான்னுட்டேன். அது அந்த ஆளைப் பாத்துச் சிரிச்சு, நல்லாயிருக்கு நல்லாயிருக்குன்னு தலையை அப்படி ஆட்டுச்சு. அவர் சந்தோஷமாக் கை குடுத்துட்டுப் போயிட்டார்.

இதை நெனச்சா நானே என்னைப் பாத்துச் சிரிச்சுக்குவேன். அப்புறம் சிரிப்பு நின்னுடும்.

வேலைக்கு அழைப்பு வந்தப்ப உண்மையைச் சொன்னேன். திட்டும்னு பாத்தேன். கத்திரியை எடுத்து எறியும்னு பாத்தேன். முடியாதுன்னு சொல்லிடும்னும் பாத்தேன், உள்ளுக்குள்ள என் ஆசையே அதுதான். அது துணியில கோடு போடற சாக்குக்கட்டியை விரலால உருட்டிக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் சொல்லுச்சு, "எல்லாரும் போயிட்டு வந்துட்டாங்க. நான் ஒருத்திதான் எங்கேயும் போகலை. இங்கிலீஷ் கத்துக்குடுடா."

என்ன பண்றது சொல்லுங்க. ஒரு நாள் நெனச்சேன், தப்புத் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டா என்ன? இலக்கணமெல்லாம் தலைகீழாப் போட்டுட்டா? தேறாது, இங்கேயே இருக்கும், யாருக்குத் தெரியப்போகுது. மனுஷன்தானே சார் நான். ஆனா முடியலை. நல்லவன்னு நினைச்சுடாதீங்க, திமிருதான் காரணம். அது முதல் தடவை முழுசா ஒரு வாக்கியம் சரியாச் சொன்னப்ப, ஆஹா என் மாணவின்னு துள்ளினேன் பாருங்க, அங்கேயே தோத்துட்டேன். வாத்தியார் புத்தி தம்பி புத்தியைத் தின்னுடுச்சு.

எனக்கு ஒரே ஒரு நம்பிக்கை இருந்துச்சு. மாடி ரூம் ஜன்னல் திரை.

சிரிக்காதீங்க, கேளுங்க. சிரிக்கலையா, சரி. நான் வந்த புதுசுல அக்கா என் ஜன்னலுக்குத் துணி வாங்கிட்டு வந்து, ரெண்டு விரலுக்கு நடுவுல வெச்சுத் தேய்ச்சுப் பாத்து, இது சுருங்கும்னுச்சு. சுருங்கறதுக்கு இடம் விட்டு நீளமா வெட்டித் தெச்சுது. அது சுருங்கலை. துவைச்சோம், சுருங்கலை. திரை தரையைக் கூட்டிக்கிட்டே கிடந்துச்சு. காலைல எந்திரிச்சா முதல்ல அதுல மாட்டி விழுவேன். குட்டையாக்கிக் குடுக்கான்னா மாட்டேங்கும். இன்னும் ஒரு தண்ணி பாப்போம், சுருங்கும்னு பிடிவாதம். துணி விஷயத்துல அது தோத்ததே இல்லையாம். இப்படியே திரையும் அதுவும் மல்லுக்கு நின்னுக்கிட்டு இருந்தாங்க. நானும் நெனச்சுக்குவேன், திரை சுருங்கற வரைக்கும் அக்கா எங்கேயும் போகாதுன்னு. என்ன ஒரு லாஜிக் பாருங்க. ஆனா அப்படி ஏதாவது ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டுத்தானே இருக்கோம்.

வரும்னு ஒரு சொல்லு இருக்கு சார் நம்மகிட்ட. நாளைக்கு வரும்னாலும் வரும்தான், தினமும் வரும்னாலும் வரும்தான். இங்கிலீஷ்ல இதை ரெண்டாப் பிரிச்சு வெச்சிருப்பான். நமக்கு ஒண்ணுதான். சாயங்காலமானா அக்கா வரும். செருப்பை வாசல்ல உதறும், இந்த வீட்டுல விளக்குப் போட ஆளில்லையான்னு கேக்கும். நான் அந்த வரும்-ங்கறதுக்குள்ளேயே குடியிருந்துட்டேன். தினமும் வர்றது, அதனால நாளைக்கும் வரும். வேற யோசிக்கவே இல்ல. அங்கே அவ்வளவு வருஷம் இருந்தப்பவும், இங்க அது தினமும் வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு, நான்தான் இல்ல. விளக்கைப் போட அப்ப யாரு இருந்தாங்கன்னு இத்தனை நாள்ல ஒரு தடவை கூட நான் கேட்டதில்ல.

இன்னிக்குக் காலைல எந்திரிச்சேன். விழலை சார்.

திரை தரைக்கு ஒரு விரக்கடை மேல நிக்குது. மடிச்சுத் தெச்சிருக்கு. நான் கீழ படிச்சுக்கிட்டு இருந்த நேரத்துல எப்பவோ அக்கா ஏறி வந்து தெச்சுட்டுப் போயிருக்கு. அது எந்த வேலையையும் பாதியில விட்டுட்டு மேஜையை விட்டு நகராது, ஃபேக்டரியில கேட்டுப் பாருங்க. முடிச்சுட்டுத்தான் போகும். அதுக்கப்புறம் எனக்கு வில்லெல்லாம் போச்சு. போகலாம், போகாம இருக்கலாம், தேறலாம், தேறாம இருக்கலாம், அதெல்லாம் போச்சு. ஜன்னல்ல தொங்குது சாட்சி. எவ்வளவு பெரிய விரலா இருந்தாலும் காட்டலாம்.

அப்படியிருக்க, நான் சொல்லிக் குடுத்த கோமாளித்தனத்தால இன்னிக்கு அது மார்க்கை இழந்து நின்னா? நான்தான் வாயைக் குடுத்து அதைக் கிளப்பினேன், நான்தான் விரலைக் குடுத்துக் கவுத்தேன்னு ஆயிடும். அது போனா எனக்குக் கஷ்டம். போகாம நின்னா அதை விடக் கஷ்டம், ஒவ்வொரு நாளும் அது முகத்தைப் பாக்கணுமே. ரெண்டுல எது வேணும்னு இங்க உக்காந்து யோசிச்சுப் பாத்தேன். அது தேறணும் சார். தேறட்டும். அந்த விரலை மட்டும் அந்தம்மா மன்னிச்சுடட்டும்.

உங்க வீட்டம்மா வந்துட்டாங்களா? அந்தப் பக்கம் நிக்கறது அவங்களா? இருங்க, இருங்க, இங்கேயும் கதவு தொறக்குது. ஒரு நிமிஷம். முகத்தைப் பாத்துட்டுச் சொல்லுங்க, உங்களுக்கு எப்படித் தோணுதுன்னு. நான் பாத்தா சரியாத் தெரியாது.

அக்கா, இங்க. இங்கேதான். சார்கிட்ட உன்னைப் பத்தித்தான்... அப்புறம் சொல்றேன். எப்படிக்கா இருந்துச்சு?

ம்.

சரி, பேசினேங்கறே, அது போதும். விரலை ஏன்க்கா தூக்கினே? பொய் சொல்லாத, நிழல்ல பாத்தேன், சாரும் பாத்தார். என்ன கேட்டாங்க? நீ போயிட்டா இங்க உன் வீட்டுல என்ன நடக்கும்னா? சரி. அதுக்குக் கதவைக் காட்டுவாங்களா யாராவது? கதவுல என்ன சாட்சி இரு...

என்னையா?

என்னையா காட்டினே. மை பிரதர் ஈஸ் சிட்டிங் அவுட்சைட்னு. ம். ஹி ஈஸ் கோயிங் டு பி அலோன். தனியா இருக்கப்போறான்னு.

இல்ல, தப்பில்ல. தப்புன்னு யார் சொன்னா. சரியாத்தான் சொல்லியிருக்கே. அந்தம்மா என்ன பண்ணினாங்க? எட்டிக் கதவைப் பாத்தாங்களா. கோபம் இல்லையா? மெதுவாச் சிரிச்சாங்களா. அப்ப மார்க்... சரி சரி, மார்க்கைப் பத்திக் கேக்கலை. அதோட விட்டுட்டியா? இன்னும் ஒண்ணு சொன்னியா? என்ன?

ஹி வில் மேனேஜ்.

சமாளிச்சுக்குவான்னு.

அதுக்கு விரல் காட்டலையாக்கா?

"அதுக்கு நான் சாட்சிக்கு எங்கடா போவேன்." ம். நல்லாக் கேட்டே. ஷூவையாவது பெட்டியில இருந்து எடுத்து வெச்சிருக்கலாம் நான். கண்ணுல ஒண்ணுமில்ல, தண்ணி குடிக்கறப்ப மேல ஊத்திக்கிட்டேன். முகமெல்லாம் தண்ணி.

சார், கேட்டீங்களா எங்கக்கா சொன்னதை? இத்தனை நேரம் என்னமோன்னு பயந்தேனே, பாத்தீங்களா... சார்?

எங்க போனார்? இங்கேதான்க்கா இருந்தார், இந்த இடத்துலதான். கைப்பையோட. ரொம்ப நல்ல மனுஷன், அமைதியானவர். நான் ஒண்ணும் பேசலை, சும்மா ரெண்டு வார்த்தை. பாவம், தண்ணி பாட்டிலை விட்டுட்டுப் போயிட்டார் பாரு. நல்ல பாட்டில். கொஞ்சம் உக்காருக்கா, இதை எடுக்க எப்படியும் திரும்பி வருவார்.

வரப்போறதில்லையா? அதெப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றே?

ஏன்க்கா என் பக்கம் விரலை நீட்டறே?